கட்டுச்சோறு

"வெளியிலேர்ந்து ஒரு பருக்கை உள்ள போகக் கூடாது. தூக்கைத் தெற."

தோட்டத்து கேட்டில் நின்ற சோதனைக்காரியின் தோரணையைப் பார்த்ததும் நஜீபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெருநாளைக்கு மறுநாள். அவளும் மூத்த ஓரகத்தி சுலைகாவும் கோலா சிலாங்கூரிலிருந்து பஸ் மாறி பஸ் ஏறி, உலு யாம் பக்கத்து இந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்து இறங்கியிருந்தார்கள். வழி நெடுக நஜீபா பிரியாணித் தூக்கை மடியை விட்டு இறக்கவில்லை.

"லாத்தா, நாம யாருக்குக் கொண்டாந்திருக்கோம்னு சொல்லுங்களேன்," என்று சுலைகாவின் கையைக் கிள்ளினாள்.

சுலைகா வாயைத் திறக்கவில்லை. தூக்கின் மூடியைத்தான் திறந்தாள். நெய் மணம் கிளம்பியது. துப்பாக்கியோடு நின்ற மலாய்க் காவலர் எச்சில் விழுங்கினார். அவருக்கும் பெருநாள்தான். கேட்டில் நின்று கழிக்க வேண்டிய பெருநாள்.

சோதனைக்காரி நீளமான கம்பி ஒன்றை எடுத்துப் பிரியாணியில் அடிவரைக்கும் குத்திப் பார்த்தாள். நஜீபாவுக்குத் தன் நெஞ்சிலேயே குத்தியதுபோல் இருந்தது.

அந்தப் பிரியாணிக்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். பெருநாளைக்கு முந்தின நாளே விடியுமுன் பாசாருக்குப் போய், பெருநாள் சோறு அவிக்கப் பின்னிய ஓலைக்கூடுகளைக் கொத்துக் கொத்தாய்த் தொங்கவிட்டிருந்த மலாய்க்காரப் பெண்களைத் தாண்டி, துடியான கோழியாகப் பார்த்துப் பிடித்தாள். கடைக்காரர் நெய் டின்னில் ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுத்தார். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்த புதிதில், பால் டின்னை இப்படிக் குத்திக் கொடுத்ததற்கு நஜீபா சண்டைக்கே போயிருக்கிறாள். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாது, ஓட்டை போட்ட டின்னைப் பதுக்கி வைக்க முடியாது, அவசரகாலச் சட்டம் அப்படி என்பதெல்லாம் பிறகுதான் விளங்கியது.

விளங்குவதற்குள் ஒரு வினை நடந்துவிட்டது. அவள் கணவன் சலாவுதீன் சைக்கிளில் துணிமூட்டை கட்டித் தோட்டம் தோட்டமாக விற்கிறவன். ஆண்பிள்ளை வெளியூர் கிளம்பினால் கட்டுச்சோறு கட்டிக் கொடுப்பது ஊர் வழக்கம். சொன்னால் வேண்டாம் என்பான் என்று, சொல்லாமலே கைலிகளுக்கு நடுவில் ஒரு பொட்டலம் புளிச்சோற்றைச் செருகிவிட்டாள். அது இதே கேட்டில் பிடிபட்டது. காட்டோரம் சோறு கொண்டுபோனவனுக்கு ஜெயில், இல்லாவிட்டால் ஊருக்குக் கப்பல்.

அன்று இருட்டும் நேரத்தில் வெளுத்த முகத்தோடு அவன் திரும்பி வந்தான். "வள்ளியம்மானு ஒரு மகராசி மட்டும் இல்லேன்னா நான் இன்னிக்கு வீடு வந்திருக்க மாட்டேன்," என்றான். எப்படிக் காப்பாற்றினாள் என்று கேட்டால், கட்டிய துணிமூட்டையை அவிழ்த்து மறுபடி கட்ட ஆரம்பித்துவிடுவான். சுலைகாதான் ஒரு முறை தன் கணவரோடு வந்து வள்ளியம்மாவைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து தொழுது கையேந்தும்போதெல்லாம், முகம் தெரியாத அந்த வள்ளியம்மாவுக்கென்று நஜீபா ஒரு துஆ கேட்பாள். அந்த மகராசி தன் கைச்சமையலை ஒரு வேளை சாப்பிடாமல் தான் பிரியாணி தொடுவதில்லை என்றும் நேர்ந்துகொண்டாள். நேற்றுப் பெருநாளுக்கு அவள் சாப்பிட்டது சேமியா மட்டும்.

"அந்த வள்ளியம்மாவையாவது கூப்பிட்டு விடுங்க," என்றாள், வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு.

சோதனைக்காரி காவலரை ஒரு பார்வை பார்த்தாள். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினாள். "வேலை நேரத்துல யாரும் வெளிய வர முடியாது. சங்கு ஊதுனா வருவா."

"நிச்சயமா வருவாங்களா?"

"வராம எங்க போவா? அவளுக்கும் வயிறு இருக்குல்ல?"

சாலைக்கு எதிர்ப்புறம், பஸ் நிற்கும் கொட்டகையில் போய் உட்கார்ந்தார்கள். வள்ளியம்மா மாதிரி ஒருத்தி இருக்கிற தோட்டத்தில் இப்படியும் ஒரு கல்நெஞ்சக்காரியா என்று நஜீபா பொருமித் தீர்த்தாள். சுலைகாவுக்கு எங்கிருந்தோ இருமல் வந்து, முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க ஏன் லாத்தா அவகிட்ட ஒரு வார்த்தை பேசல?"

"உன் மூஞ்சி கண்ணாடி மாதிரி. உன்னப் பக்கத்துல வச்சிக்கிட்டு நான் எதையும் பேச முடியாது."

ஒரு பஸ் வந்து நின்றது. அதை விட்டால் கடைசி பஸ்தான், அப்புறம் ஊரடங்கு. நஜீபா அசையவில்லை. பிரியாணி ஆறினாலும் பரவாயில்லை, கொண்டு வந்ததைத் திருப்பிக் கொண்டுபோவதில்லை என்று தூக்கைத் துணியால் இறுக்கிச் சுற்றினாள்.

கடைசியில் சங்கு ஊதியது. நஜீபா எழுந்து நின்று கேட்டையே பார்த்தாள். சோதனைக்காரி கைப்பட்டையைக் கழற்றி அடுத்து வந்த பெண்ணிடம் கொடுத்தாள். சாலையைக் கடந்து நேராக இவர்களை நோக்கி நடந்து வந்தாள். நஜீபா தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இன்னும் என்ன சோதனை? உள்ளதானே போகக் கூடாது? இது வெளிய."

"அதான் நானும் வெளிய வந்துட்டேன்." சுலைகா நீட்டிய செம்பை வாங்கிக் கையைக் கழுவிக்கொண்டு, அவள் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "இலையைப் போடு தங்கச்சி. அன்னிக்கு உன் வீட்டுக்காரரு மூட்டையில இருந்த புளிச்சோத்த, எனக்குத்தான் கொண்டாந்தாருன்னு சொல்லி, போலீஸ்காரன் கண்ணு முன்னாடியே மூச்சு விடாம அள்ளி முழுங்கினேன், ருசியே தெரியல. இன்னிக்காவது மெதுவாத் திங்கிறேன்லா."