வெந்நீரின் பதம்

அடுப்பை அணைத்து, கொதித்த நீரை வாளியில் ஊற்றுகிறான். பச்சைத் தண்ணீர் விளாவி, முழங்கையை முக்கிப் பார்க்கிறான். சின்ன ஜன்னல் வழியே விழும் வெயிலில் ஆவி நெளிகிறது. "யாருக்குடா பதம் பாக்குற? நீதானே குளிக்கப் போற," என்கிறாள் குளியலறை வாசலில் நிற்கும் அக்கா, சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். காசநோய்க்குத் தின்ற மாத்திரை நரம்பைக் கெடுத்ததிலிருந்து அவன் மனைவியின் பாதங்களுக்குச் சூடும் தெரியாது, தரையும் தெரியாது. செருப்பு கழன்றது தெரியாமல் நடந்து போவாள். அவன் அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி, "மகாராணி, உங்க வாகனம் நின்னுபோச்சு," என்பான். "உனக்கும் ஒரு வேலை குடுத்திருக்கேன்ல, சந்தோஷப்படு," என்பாள். கால்தான் மரத்தது, நோய் நுரையீரலை விடவே இல்லை. மருத்துவமனையில் கடைசி நாள் காலை அவள் பாதங்களைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். மருந்துச் சீட்டு வாங்க நர்ஸ் கூப்பிட்டாள். மனைவி கண் அயர்ந்திருந்ததால் சத்தமில்லாமல் கையை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாளியில் நீர் ஆறிக்கொண்டிருக்கிறது. முழங்கையை எடுக்காமல் குனிந்தே நிற்கிறான். கண் அயர்வதற்கு முன் அவள் சொன்னது இதுதான்: "கைய எடுக்கிறப்ப சொல்லிட்டு எடு. எனக்குத் தெரியாது."