வாயில் முட்டை வைத்த கெளுத்தி

பழவேற்காட்டுக் கோட்டையின் கிழக்கு அறையில் காலை வெயில் மேசைவரை வந்திருக்கிறது. மேசைமேல் ஒரு ஆண் கெளுத்தி கிடக்கிறது. திறந்த வாய்க்குள் கோலிக்குண்டுகளாய் மஞ்சள் முட்டைகள். உலாந்தா எனப்படும் டச்சு தேசத்து வெள்ளைக்காரர் மூச்சடக்கி அதை வரைகிறார். ஒவ்வொரு முட்டைக்கும் தூரிகையை ஒருமுறை நனைக்கிறார். பிடித்துவந்த தேசப்பன், ஈரக் கோவணத்திலிருந்து தரையில் சொட்டும் நீரைக் கால்விரலால் தேய்த்தபடி நிற்கிறான். பக்கத்தில் அவன் மனைவி இருசம்மாள், காலிக் கூடையோடு. எங்கே பிடித்தாய் என்று வெள்ளைக்காரர் கேட்டபோது முகத்துவாரத்து மணலில் என்று சொல்லிவிட்டான். பிடித்ததோ தீவுக்குப் பின்னால், சேற்றுப் பள்ளத்தில். அது குப்பத்துப் பாடு. முறைவைத்து வலைவிடும் அந்த இடத்தை வெளியாளிடம் சொல்வதில்லை. பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷி சுப்பராயலு அவன் சொன்னதையே மூன்று தாள்களில் எழுதி முடிக்கிறார்.

"ஒண்ணு இலங்கைக்கு, ஒண்ணு பத்தாவியாவுக்கு, ஒண்ணு இவரு தேசத்துக்கு. அங்க படிச்சவங்கல்லாம் இத வெச்சித்தான் இந்த மீன தெரிஞ்சிக்குவாங்க. உன் பேரயும் போட்டுக்கீறேன், தேசப்பா. நீ பொய் சொல்லாதவன்னு துரை எழுதச் சொன்னாரு."

தேசப்பன் தலை நிமிரவில்லை. துரை கறுப்பு மையைத் தொட்டு, செவுளோரம் ஒட்டியிருக்கும் கருஞ்சேற்றையும் விடாமல் வரைகிறார். முகத்துவாரத்தில் ஏது கருஞ்சேறு? இருசம்மாள் சேற்றைப் பார்க்கிறாள். பிறகு புருஷனைப் பார்க்கிறாள். முந்தானை நுனியைச் சுருட்டி மீனைத் துடைக்கக் குனிகிறாள். துரை கையை நீட்டி மறித்து, சிரித்தபடி ஏதோ சொல்கிறார்.

"உள்ளது உள்ளபடி இருக்கட்டுமாம்" என்கிறார் துபாஷி.