மாற்றிய விலாசம்

பத்து மணிக்குத் தணிக்கை அதிகாரி வருகிறார். ஒன்பது இருபதுக்குத்தான் அது சிஸ்டம் சார் கண்ணில் பட்டது.

அந்த வக்கீல் ஆபீஸின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர்தான் தலைவர். கட்சிக்காரர்களின் விவரம் ஒரு எழுத்துகூட வெளியே கசியக் கூடாது என்பது சட்டம். கசிந்தால் முதலில் உருளப்போவது அவர் தலை.

விவாகரத்துக் கேஸ் ஒன்றில் கட்சிக்காரரான மனைவியின் விலாசம் பதிவில் மாறியிருந்தது. மாற்றச் சொல்லி அவர் எழுதிக் கொடுத்த கடிதம் எதுவும் இல்லை. மாற்றியது ரிசப்ஷன் அக்கா. போட்டிருந்ததும் அக்காவின் சொந்த வீட்டு விலாசம்!

கோர்ட்டுக் கடிதமெல்லாம் அக்கா வீட்டுக்கா போகிறது? அங்கிருந்து யார் கைக்குப் போகிறது?

சிஸ்டம் சார் பெரிய வக்கீலுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். அவர் கத்தினார்.

"அதிகாரி வர்றதுக்குள்ள அந்தம்மாவை வீட்டுக்கு அனுப்பிடுங்க. இனிமே வரவே வேண்டாம்!"

அக்கா பன்னிரண்டு வருஷமாக ரிசப்ஷன் மேஜையில் உட்கார்ந்தவர். சிஸ்டம் சார் கூப்பிட்டதும் அவர் அறைக்கு வந்து நின்றார்.

"இது யார் வீட்டு விலாசம், அக்கா?"

"எங்க வீடுதான் சார்."

கொஞ்சமாவது கூசுகிறாரா பார்!

"கட்சிக்காரர் பதிவுல பொய் விலாசம் போட்டிருக்கீங்க. இது எங்க கொண்டுபோய் விடும் தெரியுமா?"

"பொய் இல்லை சார். அந்தப் பொண்ணு மூணு வாரமா எங்க வீட்லதான் இருக்கு. குழந்தையோட."

சிஸ்டம் சார் திரையில் பழைய விலாசத்தைத் தேடி எடுத்தார்.

"ஏன்? அவங்கதான் புருஷனுக்குத் தெரியாம வேற இடத்துல இருந்தாங்களே?"

"அந்த இடம் அவருக்குத் தெரிஞ்சுபோச்சு சார். வந்து கதவை உடைச்சுட்டாரு. பின்பக்கமா ஓடித் தப்பிச்சுது. எனக்குத்தான் போன் பண்ணுச்சு. நேரா கூட்டிட்டு வந்துட்டேன்."

"அவருக்கு எப்படித் தெரிஞ்சுது? நம்ம ஆபீஸ்லேருந்தா போச்சு?"

அக்கா கதவுப் பக்கம் பார்த்தார்.

"சொல்லுங்கக்கா! எவன் அவன்? உங்க வேலையே போகப்போகுது, அப்பவும் அவனைக் காப்பாத்தணுமா?"

அக்கா திரும்பிப் போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் இறங்கியது.

"போன மாசம் நீங்க புது சாஃப்ட்வேர் போட்டீங்களே சார்... அது நோட்டீஸை ரெண்டு தரப்புக்கும் தானா அனுப்பிடுச்சு, அந்தப் பொண்ணோட விலாசத்தையும் போட்டு. வெளியே தெரிஞ்சா உங்க வேலை போயிடுமேன்னுதான், நான் யார்கிட்டயும் சொல்லலை."