ரூபி உட்கார்ந்த இடம்

"தெருவே அழுதுச்சு. அண்ணாச்சி கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வந்துச்சாக்கா?"

அடுத்த வீட்டுச் சந்தனச்செல்வி ரகசியம் பேசினாலும் மூன்று வீடு தள்ளிக் கேட்கும்.

"அவுகளா அழுவாக? வீட்டுக்குள்ள பிள்ளை மாதிரி கிடந்த ரூபியை மூணு மாசமா பின்னால முருங்கை மரத்துல கட்டிப்போட்டுட்டாகளே. ஏங்கியே செத்துப்போச்சு" என்றாள் ஜீவமணியின் மனைவி டெல்பின்.

ஜீவமணி காதில் விழுந்தது. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரூபி துறைமுகத்து மோப்ப நாய். அதன் சங்கிலியைப் பிடித்தவர் ஜீவமணி. இருவருக்கும் ஒன்றாகவே ஓய்வு. கஞ்சாவோ போதைப் பவுடரோ எது இருந்தாலும் ரூபி குரைக்காது, பிராண்டாது. அதன் முன்னால் போய்ப் பேசாமல் உட்கார்ந்துவிடும். அது உட்கார்ந்த பெட்டியைத் திறந்து வெறுங்கையோடு திரும்பிய சரித்திரமே கிடையாது. துறைமுகத்து வேலையை வீட்டில் பேசுகிற வழக்கம் ஜீவமணிக்கு இல்லாததால், டெல்பினுக்கு இது எதுவும் தெரியாது.

மூன்று மாதம் முன்னால் ஒரு சாயங்காலம், மகன் ஷாம் வேலை விட்டு வந்து முதுகுப் பையை நாற்காலியில் வைத்தான். ரூபி போய் அதன் முன்னால் உட்கார்ந்தது. அடுத்த வாரமும் உட்கார்ந்தது.

பையைத் திறக்க ஜீவமணிக்குத் தைரியம் வரவில்லை. மகனிடம் கேட்கவும் வாய் வரவில்லை. பிடிபட்டால் லேசில் ஜாமீன் கிடைக்காத கேஸ். எத்தனை பேரைப் பிடித்துக் கொடுத்தவர், அவருக்குத் தெரியாதா?

நாயைக் கட்டிப்போட்டார்.

இப்போது வாசலில் பைக் வந்து நின்றது. ஜெபகனி. அவரோடு வேலை பார்த்தவன், இன்னும் அதே மோப்ப நாய்ப் பிரிவில் இருக்கிறான். கையில் சம்பங்கி மாலை.

"கேட்டதுலருந்து சோறு இறங்கல அண்ணாச்சி" என்றபடி ரூபியின் படத்துக்கு மாலை போட்டு, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான். டெல்பின் விம்மிவிட்டாள்.

"இரு ஜெபகனி, டீ போடுதேன்."

"அவனுக்கு டூட்டி இருக்கும்" என்றார் ஜீவமணி.

"லீவுதான் அண்ணாச்சி." நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். "மதினி, வீட்டுல எப்படி இருந்தா நம்ம ரூபி? சொல்லுங்க, கேப்போம்."

டெல்பினுக்கு அது போதும். அடுக்களைக்கும் கூடத்துக்குமாக நடந்தபடியே பேசினாள்.

"மாதா கோயில் மணி அடிச்சா எந்திரிச்சு நிக்கும். சாளை மீன் வச்சா மூஞ்சியத் திருப்பிக்கிடும். அம்மணிக்கு விலை கூடுன சீலா மீன்தான் வேணும்!"

"கவர்மென்ட் சாப்பாடு சாப்பிட்ட திமிருல்லா!" ஜெபகனி சிரித்தான்.

"போதும் டெல்பின். செத்ததைப் பத்தி என்ன பேச்சு?"

"உங்களுக்குப் போதும். எனக்குப் போதாது."

அந்த நேரம் பார்த்து ஷாம் வந்தான். தோளில் அதே பை. ஜெபகனியைக் கண்டதும் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"இந்தா, வந்துட்டான்லா! இவன் மேல அதுக்கு என்ன பாசங்க…"

"டெல்பின், டீ பொங்குது."

"அணைச்சுட்டுதான் வந்தேன். இவன் வந்து பையை வச்சாப் போதும் ஜெபகனி, ரூபி நேரே போயி அது முன்னால உக்காந்துக்கிடும். நகட்டவே முடியாது. பையைக் காவல் காக்குதாம்!"

ஜெபகனியின் சிரிப்பு நின்றது. பையைப் பார்த்தான். பிறகு ஜீவமணியைப் பார்த்தான்.

ஜீவமணி சிரிக்கப் பார்த்தார்.

"வயசாயிட்டுல்லா… மூக்கு செத்துப்போச்சுப்பா. செருப்பு முன்னால உக்காரும், வாளி முன்னால உக்காரும். துறைமுகத்துலயே கடைசில தப்புத்தப்பாத்தான் உக்காந்துச்சு. நான்தான் வெளியில சொல்லல."

"என்ன இப்படிச் சொல்லுதிய!" டெல்பின் பதறினாள்.

"ஆமா. ஒண்ணுக்கும் உதவாத நாய்."

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"ஒருவழியா கல்லு கரைஞ்சிட்டு" என்றாள் இன்னும் போகாமல் நின்ற சந்தனச்செல்வி.

ஜெபகனி மெதுவாக எழுந்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "நீங்க சொன்னாச் சரிதான் அண்ணாச்சி. வாரேன்."

வாசற்படியில் ஷாம். கொஞ்சம் விலகி வழி விட்டால் போதும், ஜெபகனி போய்விடுவான்.

ஷாம் விலகவில்லை. பையைக் கழற்றி ஜெபகனியிடம் நீட்டினான்.

"அப்பா சொல்லுதது பொய்ண்ணே. ரூபி ஒரு தடவைகூடத் தப்பா உக்காரல."