அப்ஹாமின் அறை

சீவும் மெஷின் ஆணியில் மோதிப் பொறி பறந்தது.

பலகைத் தளத்தைச் சீவும் முன் ஆணித் தலைகளை உள்ளே அடித்து இறக்க வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் கிழமையே இஸ்ஸதீன் படித்தது அது. இன்று இது இரண்டாவது ஆணி.

"ஊரெல்லாம் தச்சு வேலைக்கு பாஸ், பாஸ் எண்டு கூப்பிடுது. சொந்த வீட்டு ஆணி மட்டும் கண்ணுக்குத் தெரியுதில்ல" என்று வாசலில் நின்று சிரித்தாள் மனைவி ருக்கியா. முக்காட்டுத் தலைப்பால் மூக்கைப் பொத்தியிருந்தாள்.

அவன் பிளேட்டை மாற்றினான்.

கொட்டாஞ்சேனையில் இந்த மேல்மாடியை வாடகைக்கு எடுத்த நாளிலிருந்தே தளம் இப்படித்தான். நடுவில் பலகைகள் முதுகு தூக்கி நின்றன. சுவரோரம் பள்ளம். நல்ல கால் உள்ளவனே தடக்குவான்.

மகன் அப்ஹாம் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவன். நாலுகால் ஊன்றுகோலைத் தள்ளித்தான் இனி நடக்க வேண்டும். இன்று வீட்டுக்கு விடுவதாக டொக்டர் நேற்றுச் சொல்லியிருந்தார். அதற்குள் மேட்டைச் சீவி, பள்ளத்துக்குப் பலகைத் துண்டு வைத்து, மேலே விரிப்பை ஒட்டிவிட வேண்டும்.

ருக்கியா செருப்பைக் கழற்றினாள். சீவி முடித்த பக்கமாகக் கண்ணை மூடி, பாதத்தை இழுத்து இழுத்து நடந்து பார்த்தாள்.

"ஒரு இடத்திலயும் தடக்கல்ல. போதும், அப்ஹாம்ட வாப்பா. வந்து ஒரு வாய் தின்னுங்க."

"இன்னும் ஒரு பலகை."

காலையிலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். மெஷின் மறுபடி இரைந்தது.

அந்த இரைச்சலுக்கு மேலாகப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. பாங்கு சொல்லும் நேரமில்லை.

"மௌத்து அறிவிக்கிறாங்க போல" என்று ருக்கியா ஜன்னல் பக்கம் போனாள். "மெஷின கொஞ்சம் நிப்பாட்டுங்க. யாரெண்டு கேப்பம்."

விடியற்காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து மைத்துனன் போனில் பேசி வைத்ததும், அப்ஹாமின் பெயரைப் பள்ளிவாசலுக்குச் சொல்லி அனுப்பியது இஸ்ஸதீன்தான். நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகுதான் மரணத்தை அறிவிப்பார்கள், அதற்குள் அவளிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தான்.

ஏற்கெனவே மட்டமாகிவிட்ட பலகையில் மெஷினை வைத்து அழுத்தினான்.