மடங்காத மணிக்கட்டு

மாவுக்கட்டைப் பிரித்து ஒரு மாதமாகியும் அந்த அம்மாளின் மணிக்கட்டு மடங்கவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகக் கூடியிருந்தது. பிசியோதெரபி செய்யும் பெண்ணுக்குக் காரணம் புரியவில்லை.

"வீட்டுல பந்தைப் பிடிச்சு அமுக்குறீங்களாம்மா?"

"எங்க செய்யுறா?" கணவர்தான் பதில் சொன்னார். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததுலேர்ந்து கைய அசைக்கவே பயம். சோறு ஊட்டுறது, தலை வாரிவிடுறது எல்லாம் நான்தான்."

"குடுத்து வச்சவங்கம்மா நீங்க," என்றாள் அவள். எழுபது வயதில் மனைவியை இப்படித் தாங்கும் ஒருவரை அவள் பார்த்ததில்லை. சிகிச்சை அறையில்கூட மனைவியைத் தனியே விடமாட்டார்.

அன்று அவருக்குப் போன் வந்தது. பேச்சு சரியாகக் கேட்காததால் எழுந்து வெளியே போனார்.

கதவு மூடியதும் அந்த அம்மாள் மணிக்கட்டை மேலும் கீழும் சுலபமாக மடக்கிக் காட்டினாள்.

"நல்லாத்தானே இருக்கு. ஏம்மா மறைக்கிறீங்க?"

"நான் வழுக்கி விழலம்மா. அவர் முறுக்கி உடைச்சது. கல்யாணமான நாள்லேர்ந்து அடிதான். எலும்பு உடைஞ்சதும் வெளியில தெரிஞ்சுடுமோன்னு பயந்துட்டார். கை சரியாகுற வரைக்கும்தான் இந்த உபசாரமெல்லாம்."

கதவு திறந்தது. அந்தக் கை மறுபடி விறைத்து மடியில் கிடந்தது.

"எப்பதான் குணமாகும்?" என்றார் அவர்.

"நாளாகும் சார். தினமும் கூட்டிட்டு வாங்க," என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்க்காமல். "நாளையிலேர்ந்து நீங்க வெளியவே உட்காருங்க."