மரை கழன்ற படகு

“எந்த மடையன்யா இந்த போல்ட்டை இப்படி முறுக்கி வெச்சது?”

கேட்டவர் படகின் சொந்தக்காரர். துறைமுகத்தில் எல்லோரும் அவரைக் ‘கேப்டன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாங்கி மூன்று வருடமாகியும், எஞ்சினும் வைத்த அவருடைய பாய்மரப் படகு கட்டின இடத்தை விட்டு நகர்ந்ததில்லை. அதனால் அந்தப் பெயரில் கொஞ்சம் கிண்டலும் உண்டு. அது கேப்டனுக்குத் தெரியாது.

எஞ்சினுக்கு அடியில் தலையை விட்டிருந்த மெக்கானிக் அங்கிருந்தே பதில் சொன்னான்.

“நாலு ஓட்டையிலயும் மரை சுத்தமா போயிடுச்சு சார். போல்ட் பிடிக்காம எஞ்சின் குதிச்சிருக்கு. அது குதிச்ச குதியில அடியில தாங்கற நாலு மவுண்டிங் ரப்பரும் கிழிஞ்சிருக்கு. போன வருஷமும் இதே கதை, அதுக்கு முந்தின வருஷமும் இதே கதை. நீங்க ஏதாவது டைட் பண்ணிப் பார்த்தீங்களா?”

“நானா? நான் எதையும் தொடமாட்டேன்யா. பார்ப்பேன், தப்பைச் சொல்லுவேன். முப்பத்திரண்டு வருஷமா அதுதான் என் உத்தியோகம்.”

உண்மைதான். பிஸ்கட் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பிஸ்கட்டில் ஓட்டை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். இப்போது பிஸ்கட் இல்லாத குறைக்கு மெக்கானிக் அகப்பட்டிருந்தான். டார்ச்சை ஓட்டையில் காட்டச் சொன்னால் அவன் கண்ணில் காட்டினார். ஸ்பேனரைப் பிடிக்கிற விதம் தப்பு என்றார். மூச்சை இவ்வளவு சத்தமாக விடக்கூடாது என்றார். மெக்கானிக் காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

“வர்ற சனிக்கிழமை கிளம்பியாகணும். நானும் என் சம்சாரமும் மட்டும். ரெண்டு மாசம், தீவெல்லாம் ஒரு சுத்து. ஒவ்வொரு வருஷமும் சரியா கிளம்பற வாரத்துல இந்த போல்ட் காலை வாரி விட்டுடுது. எனக்காக வருத்தமில்லை, அவளை நெனைச்சாத்தான் மனசு கேக்கலை. படகு ரிப்பேர்னா காலைல ஒன்பது மணியிலருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் நான் இங்கதான். பாவம், வீட்டுல தனியாக் கிடப்பா. துண்டை மூணா மடிக்காதே, நாலா மடின்னு சொல்றதுக்குக்கூட பக்கத்துல ஆளிருக்காது.”

அவர் குரல் நிஜமாகவே தழுதழுத்தது.

மத்தியானம் அந்த அம்மாளே சாப்பாட்டுக் கூடையோடு வந்தாள். படகில் ஏறத் தடுமாறினாள். மெக்கானிக் ஓடிப்போய்க் கூடையை வாங்கப் பார்த்தான். கனம் கையை இழுத்தது.

“என்னம்மா, உள்ளே கல்லா இருக்கு?”

“மூணு பேருக்குச் சாப்பாடு தம்பி,” என்று சொல்லிக் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “வேலை எத்தனை நாள் ஆகும்?”

கேட்கும்போதே முகத்தில் அத்தனை தவிப்பு. மெக்கானிக்குக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. மூன்று வருடமாக ஏமாந்துபோன மனசு. என்ன ஆனாலும் சரி, இந்தத் தடவை இவர்களை அனுப்பி வைத்துவிட்டுத்தான் மறு வேலை என்று முடிவு செய்தான்.

“போன தடவை மாதிரி பெரிய போல்ட் போட்டு ஒப்பேத்தப் போறதில்லைம்மா. ஓட்டையைப் பெருசாத் துளைச்சு, உள்ளே ஸ்டீல் புஷ்ஷுன்னு ஒரு குழலை இறக்கி, அதுல புதுசா மரை போடறேன். மவுண்டிங்கும் கையோட கொண்டுவந்திருக்கேன். சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்.”

“இன்னைக்கேவா?” என்றாள். “அப்புறம் மரை போகவே போகாதா?”

“ஆனையே வந்து முறுக்கினாலும் போகாது.”

அந்த அம்மாள் சட்டென்று திரும்பிக்கொண்டு கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள்.

“பார்த்தியாய்யா? ஆனந்தக் கண்ணீர்!” என்று கேப்டன் பெருமையோடு சொன்னார். சொல்லிவிட்டு, கைக்குட்டையைக் குறுக்கே மடிக்கக் கூடாது என்று அவளுக்கு மடித்துக் காட்டினார்.

ஐந்து மணிக்கு எஞ்சின் புது ரப்பர் கால்களில் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டது. ஓட விட்டுப் பார்த்தார்கள். மேசைமேல் வைத்த டம்ளரில் தண்ணீர்கூட அசையவில்லை. கேப்டன் பத்து நிமிடம் குறை தேடினார். ஒன்றும் கிடைக்காததால் சற்று வாடினார். பிறகு சனிக்கிழமைப் பயணத்தைப் பற்றிச் சொல்லப் பக்கத்துப் படகுக்குப் போய்விட்டார்.

“இனிமே கவலையே இல்லம்மா,” என்றான் மெக்கானிக். அவனுக்கே மனசு நிறைந்திருந்தது.

அவள் உள் அறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு படுக்கை. நடுவே முழங்கால் நுழையும் அளவுக்கு இடம்.

“இந்த ரூமுக்குக் கதவு எங்கே தம்பி?”

“நீங்க ரெண்டு பேர்தானேம்மா, கதவு எதுக்கு?”

“ரெண்டு மாசம்,” என்றாள் அவள்.

பக்கத்துப் படகிலிருந்து கேப்டனின் குரல் வந்தது: “எந்த மடையன்யா இந்தக் கயித்தை இப்படிக் கட்டினது?”

அந்த அம்மாள் கூடையைத் திறந்தாள். காலி டப்பாக்களுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய ஸ்பேனரையும், அதன் பிடியில் மாட்டி முறுக்க வாகாக ஒரு முழ நீள இரும்புக் குழாயையும் எடுத்து மெக்கானிக்கின் பெட்டியில் வைத்தாள்.

“ஆனையாலயே முடியாதுன்னுட்டே. நான் எம்மாத்திரம்? இனிமே இது எனக்கு எதுக்கு, நீயே வெச்சுக்கோ,” என்றவள், வெளியே ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

“சரி தம்பி, சனிக்கிழமைக்குள்ள இந்தப் படகுல வேற எதெல்லாம் கெட்டுப்போகும்?”